ரிங் போதுமா, போர் அடிப்பதா, வேறு என்ஜினா: கடலோர லாரிக்கான கணக்கு

வலிநோக்கத்தில் உப்பு ஏற்றும் டாரஸ் லாரி, மண்டபத்தில் ஐஸ் மீன் ஏற்றும் டாடா 407, முதுகுளத்தூர்ப் பக்கம் கருவேலங்கரி மூட்டை அடிக்கும் டாடா 1613. எதுவாகவும் இருக்கட்டும். ஏழெட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, மூன்று கை மாறி, கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்றே யாருக்கும் தெரியாமல் வந்து நிற்கிற வண்டியைப் பார்த்ததும் பட்டறையில் முதலில் விழுகிற வார்த்தை, “இறக்கிருவோம்ணே.”

என்ஜினைச் சேசிஸிலிருந்து இறக்குவது என்று முடிவெடுக்கும் முன் பார்க்க நான்கு வழிகள் உண்டு. திறக்காமல் சர்வீஸ் செய்து ஓட்டுவது ஒன்று. என்ஜின் சேசிஸிலேயே இருக்க, ஹெட்டைத் தூக்கி, சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கி பிஸ்டன் ரிங்கும் கிராங்க் பேரிங்கும் மாற்றுவது இரண்டாவது. முழுசாக இறக்கிப் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை; அதைக் கடைந்து பெரிதாக்குவதே போர் அடிப்பது), கிராங்க், ஹெட் என்று எல்லாவற்றையும் செய்வது மூன்றாவது. வேறு என்ஜின் வாங்கி ஏற்றுவது நான்காவது. இவற்றில் எது என்பதைப் புகையின் நிறத்தையோ மீட்டரையோ பார்த்து முடிவு செய்தால் பாதிக்குப் பாதி தப்பாகும். அளந்து பார்க்க ஒரு முழு நாள் போதும். அந்த ஒரு நாளைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போக வேண்டும். ராமநாதபுரம் கரையில் என்ஜினுக்கு முன்பே சேசிஸ் செத்துப்போன வண்டிகள் ஏராளம். மீன் வண்டியில் ஐஸ் உருகி வடிகிற உப்புத்தண்ணீர் பின் ஸ்பிரிங் பிராக்கெட்டிலும் கிராஸ் மெம்பர் ரிவிட்டிலும் தேங்கும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படுகிற இடத்தில் துரு உப்பி, தகடுகளையே பிரித்துவிடும். தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். சொத்தென்று கேட்டாலோ, துரு ஏடு ஏடாக உதிர்ந்தாலோ, அந்த வண்டிக்குப் போர் கிட் (புது பிஸ்டன், ரிங் செட்) வாங்காதீர்கள். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று). 15 ஆண்டு தாண்டினால் எஃப்சி கட்டணமும் பல மடங்கு. புது என்ஜின் போட்ட வண்டி சேசிஸால் எஃப்சியில் நின்றால் போட்ட பணம் திரும்பாது.

அளக்க வேண்டியவை

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் சம்ப் டிரெய்ன் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் இரவில் அடியில் தங்கி, முதலில் தண்ணீர்தான் சொட்டும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்து லெவலும் ஏறியிருந்தால் நாசில் (டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் நுனி) ஒழுகுகிறது, அல்லது ஃபீட் பம்ப் டீசலை உள்ளே விடுகிறது.

அடுத்து ஆயில் பிரஷர். டேஷ்போர்டு மீட்டரை நம்ப வேண்டாம்; உப்புக்காற்றில் எர்த் கம்பி பச்சை பூத்து, மீட்டர் தன் இஷ்டத்துக்குக் காட்டும். சுவிட்ச் இருக்கிற துளையில் கை கேஜ் ஒன்றைத் திருகி, என்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகு பாருங்கள். ஐடிலில் 0.7 பாரும், 2,000 சுற்றில் 3 பாரும் நின்றால் பேரிங் இன்னும் ஓடும். உங்கள் என்ஜினின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. ஐடிலில் முள் கீழே படுத்துவிட்டால் பேரிங், ஆயில் பம்ப், ரிலீஃப் வால்வு மூன்றையும் பார்க்காமல் தீர்வு இல்லை. கெட்டி ஆயில் ஊற்றி முள்ளைத் தூக்குவதால் நோய் மறையுமே தவிர ஆறாது.

பேக் கம்ப்ரஷனுக்கு (ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் கசியும் அழுத்தம்) ஆயில் மூடியைக் கவிழ்த்து, ஊற்றும் வாயின் மேல் சும்மா வைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். ஐடிலில் மூடி துள்ளி விழுந்தால் ரிங் போய்விட்டது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இரண்டு காரணங்களை முதலில் ஒதுக்க வேண்டும். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரில் ரிங் தேய்ந்தாலும் அந்தக் காற்று கிராங்க் கேஸுக்குள்தான் வரும். ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்தால் கறுப்பு ஆயில் கொட்டுவது அதற்கு அடையாளம். டர்போ சீல் போனாலும் ஆயில் ரிட்டர்ன் பைப் வழியாக அழுத்தம் இறங்கும். சின்னக் கம்ப்ரஸர் வேலையில் முடிய வேண்டியதற்கு முழு என்ஜினைப் பிரித்துப் போட்ட கொடுமை இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் நடக்கிறது. ரேடியேட்டரில் குமிழி வருவதும் இதே மாதிரிதான். தண்ணீர் ஓடுகிற கம்ப்ரஸராக இருந்தால் அதன் ஹெட் கேஸ்கட் போனாலும் குமிழி வரும். என்ஜின் ஹெட்டில் கை வைப்பதற்கு முன் கம்ப்ரஸரின் தண்ணீர் ஹோஸைப் பிரித்துத் தனியாகப் பாருங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்டுக்கு என்ஜின் சூடாக, பேட்டரி நிறைவாக, எல்லா இன்ஜெக்டரும் வெளியே, டீசல் கட்டாகி இருக்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜினில் பொதுவாக சதுர சென்டிமீட்டருக்கு 24 முதல் 28 கிலோ நல்லது. 20-க்குக் கீழே போனால் தேய்மானம். மொத்த அளவைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம்தான் அதிகம் சொல்லும். ஆறில் ஒன்று மட்டும் 5 கிலோ குறைந்தால் அந்த ஒன்றில் வால்வோ, உடைந்த ரிங்கோ, டீசல் கழுவிய போரோ இருக்கிறது. ஆறும் ஒரே அளவில் குறைந்தால் மொத்தத் தேய்மானம். குறைவுக்கு ரிங் காரணமா வால்வா என்று பிரிக்கச் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் சோதனையை டீசலில் முழுசாக நம்ப முடியாது; ஊற்றிய ஆயில் பிஸ்டன் தலையிலுள்ள குழியிலேயே தங்கிவிடும். ஊற்றினாலும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதிகமானால் பிஸ்டன் மேலே வரும்போது அழுங்காத ஆயிலில் முட்டிக் கனெக்டிங் ராடு வளையும்.

ஆயில் குடிக்கும் கணக்கையும் அளவோடு சொல்லலாம். டீசலில் அரை சதவீதம் வரை ஆயில் போவது வயதான என்ஜினுக்கு ஏற்கத் தக்கது. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் திறக்கும் காலம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் எரிக்கும். அதில் 1.25 லிட்டர் ஆயில் என்றால் ஓட்டலாம், 2.5 லிட்டர் என்றால் ஓட்டக் கூடாது.

கடைசியாக, ஏர் கிளீனருக்குப் பிறகு டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தேயுங்கள். விரலில் மண் ஒட்டினால் காரணம் கிடைத்துவிட்டது.

எதனால் கெட்டது

கிழிந்த ஹோஸைச் சைக்கிள் டியூபால் சுற்றி ஓட்டிய வண்டியில் கரித்தூளும் கடற்கரை மணலும் உப்பளப் புழுதியும் நேரே போருக்குள் போகும். அப்படித் தேய்ந்த என்ஜினில் மேல் ரிங்கின் விளிம்பு பிளேடு போல் கூராகியிருக்கும், போர் பளபளவென்று மழித்ததுபோல் இருக்கும், டர்போவின் காற்று உறிஞ்சும் சக்கர விளிம்பு மழுங்கியிருக்கும். சூட்டில் கெட்டதில் பிஸ்டனின் பக்கவாட்டில் உரசல் கோடுகள், ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு அசையாது. ஒழுகிய நாசிலால் கெட்டதில் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மோசமாகவும் மற்றவை நன்றாகவும் இருக்கும்.

இந்தக் கரையில் சூடுதான் பெரும் கொலையாளி. அதற்கு வெயிலைவிடத் தண்ணீர்தான் காரணம். உப்பான போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் பாசி, சுண்ணாம்பு, துரு மூன்றும் சேர்ந்து பிளாக்கின் பின் சிலிண்டரைச் சுற்றிச் சேறாக உறையும். வெளியே உப்புக்காற்று ரேடியேட்டரின் ஃபின்னைத் தின்று, விரல் பட்டாலே பொடியாக உதிரும். டியூபில் ஒழுக்கு இல்லாததால் ‘ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். ஃபின் இல்லாத டியூபில் சூடு இறங்காது. இதைச் சமாளிக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு கேடு. பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். லோடு இல்லாதபோதோ என்ஜின் குளிர்ந்தே ஓடி, டீசல் முழுசாக எரியாமல் ஆயிலில் இறங்கி, ரிங் வேகமாகத் தேயும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் ரேடியேட்டர் கோர், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், காற்று ஹோஸ், ஏர் ஃபில்டர் இவை பட்ஜெட்டின் முதல் வரியில் வர வேண்டும். பழைய ரேடியேட்டரின் கீழே புது போர் கிட் போடுவது, ஓட்டைப் பானையில் பால் ஊற்றுவது.

திறக்காமல் ஓட்டுவது

கம்ப்ரஷன் சமமாகவும் பிரஷர் நிலையாகவும் இருந்து, புகையும் இழுவைக் குறைவும் மட்டுமே புகார் என்றால் இதுவே சரி. கவனிக்காமல் விட்ட வண்டிகளில் பலதும் இந்த வகைதான். நாசில்களை மாற்றி, ஓப்பனிங் பிரஷர் செட் செய்து, பம்பைக் காலிபரேஷனுக்கு அனுப்பி, டேப்பட் வைத்தாலே (வால்வு இடைவெளியைச் சரிசெய்தாலே) பாதிப் புகை போய்விடும். கம்மின்ஸ் 6பிடி என்ஜினில் இந்த இடைவெளி இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ., குளிர்ந்த என்ஜினில். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வருவதற்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தி அலகு) வரை அனுமதி, பிஎஸ் 4-க்கு 50.

ஆயில் சேறு கட்டிய என்ஜினில் ஃப்ளஷிங் ஆயிலோ டீசலோ ஊற்றிச் சுற்றவிடாதீர்கள். கட்டி கட்டியாகப் பெயர்ந்து சம்பின் சல்லடையை அடைத்துவிடும். பேரிங் அங்கேயே பிடிக்கும். சம்பை இறக்கிக் கையால் வழித்து, சல்லடையைக் கழுவி, 15டபிள்யூ-40 சிஐ-4 தர ஆயில் ஊற்றுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மறுபடி 2,000-த்தில், பிறகு 5,000-த்தில் மாற்றினால் சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். கழற்றிய ஃபில்டரை அறுத்துத் தாளை விரியுங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் தூள் தெரிந்தால் பேரிங் கரைகிறது, இந்த வழி முடிந்தது.

தண்ணீர் வழியைக் கழுவ 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ சிட்ரிக் அமிலம் கலந்து, என்ஜினைச் சூடாக அரைமணி ஓடவிட்டு வடித்து, சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் இரண்டுமுறை அலசலாம். அலுமினிய ரேடியேட்டராக இருந்தால் அதை விலக்கிவிட்டுச் செய்யுங்கள். துருவே அடைப்பாக நின்ற கோர் பிளக்குகள் (பிளாக்கின் தண்ணீர் வழித் துளைகளை மூடும் தகடுகள்) இதில் ஒழுகத் தொடங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பாம்பன் பாலத்தின் நடுவில் ஒழுகுவதைவிடப் பட்டறையில் ஒழுகட்டும். பிறகு கூலன்டும் டிஎம் வாட்டரும் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) சரிபாதி. டிஎம் வாட்டர் கிடைக்காவிட்டால் ஆர்ஓ தண்ணீர். போர்வெல் தண்ணீர் அவசரத்துக்குக்கூட ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

ரிங்கும் பேரிங்கும்

பட்டறைகள் அதிகம் செய்வது இதுதான். அதிகம் வீணாவதும் இதுதான். ஆறேழு நாளில் முடிகிறது, லேத்துக்கு மதுரை போக வேண்டியதில்லை, செலவும் முழு வேலையில் பாதிக்குள் வரும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் போர் வட்டமாகவும் நேராகவும் இருந்தால் மட்டுமே புது ரிங் உட்காரும்.

போர் கேஜ் இல்லாவிட்டாலும் அளக்க வழி உண்டு. புது ரிங் ஒன்றைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளி நேராக்குங்கள். முதலில் ரிங் ஓடாத அடிப்பகுதியில் வைத்து ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) ரிங்கின் வாய் இடைவெளியை அளவெடுங்கள். பிறகு மேலே, விளிம்பு ரிட்ஜுக்கு (ரிங் எட்டாததால் தேயாமல் நிற்கும் மேடு) சற்றுக் கீழே வைத்து எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் போரின் தேய்மானம். மேலே 0.75, கீழே 0.45 என்றால் வித்தியாசம் 0.30; தேய்மானம் சுமார் 0.10 மி.மீ. 6பிடியில் டேப்பருக்கு (மேலுக்கும் கீழுக்கும் உள்ள விட்ட வித்தியாசம்) எல்லை 0.076 மி.மீ. மட்டுமே. அந்த எல்லைக்குள் இருந்தால் ரிங் வேலை நியாயமானது. தாண்டியிருந்தால் புது ரிங் ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கி, சில மாதங்களிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். கூலியும் கேஸ்கட் செட்டும் இரண்டாம் முறை செலவு.

எல்லைக்குள் இருக்கிறது என்றால் மூன்று இடத்தில் கவனம். ரிட்ஜை ரீமரால் எடுக்காமல் விட்டால் கூரான புது ரிங் அதில் மோதி உடையும். பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் புது ரிங்கை வைத்துப் பக்கவாட்டில் 0.15 மி.மீ. ஃபீலர் நுழைந்தால் பிஸ்டனும் மாற வேண்டும். ஹோன் செய்தபின் (போரைக் கல்லால் உரசியபின்) டீசலில் துடைத்தால் கல்தூள் போகவே போகாது; துணி சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை வராமல் போகும்வரை கழுவி, உடனே ஆயில் தடவுங்கள். உப்புக்காற்றில் ஆயில் தடவாத போர் ஒரே இரவில் செம்பூ பூத்துவிடும்.

பேரிங் மாற்றும்போது பழைய ஷெல்லின் (பேரிங் தகட்டின்) முதுகில் உள்ள அளவைப் படியுங்கள். ஏற்கெனவே கடைந்து 0.25 மி.மீ. சிறுத்து, அண்டர்சைஸ் பேரிங்கில் ஓடிய கிராங்கில் ஸ்டாண்டர்டு போட்டால் பிரஷர் முதல் நாளே விழும். ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) நகம் இடறும் கோடு இருந்தால் புது ஷெல் வேண்டாம், கிராங்க் கிரைண்டிங்குக்குப் போக வேண்டும். அதாவது அடுத்த வழி.

முழு வேலை

போர் எல்லை தாண்டியது, கிராங்கில் கோடு: இவற்றில் ஒன்று இருந்தாலே தயங்காமல் இறக்குங்கள். இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 3,000 ரூபாய் மிஞ்சுகிற வண்டி 15 நாள் நின்றால் 45,000 ரூபாய்; அதையும் செலவில் சேர்த்துத்தான் மற்ற வழிகளோடு ஒப்பிட வேண்டும்.

நாளைத் தேர்வதில் இந்தக் கரைக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் வண்டிகளுக்கும் வேலை குறைவு. படகு என்ஜின்களும் அப்போதுதான் லேத்துக்கு வரும், ஆகவே மார்ச்சிலேயே சொல்லி வையுங்கள். உப்பு வண்டிக்கு அதே மாதங்கள் லோடு காலம். அதற்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மூடிக்கிடக்கும்போது வேலை வைப்பது நல்லது.

6பிடியில் லைனர் (பிளாக்கில் தனியாகச் செருகும் சிலிண்டர் குழாய்) கிடையாது, பிளாக்கிலேயே போர். 0.5, 1.0 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வரை அடிக்கலாம். அதன்பின் ஸ்லீவ் இறக்க வேண்டும். லைனர் உள்ள என்ஜினில் அதை மாற்றிவிட்டு ஸ்டாண்டர்டிலேயே தொடரலாம், அது பெரிய வசதி. பிஸ்டனைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து, அந்தந்த பிஸ்டனுக்குத்தான் போர் அடிக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அடிக்கக் கூடாது.

கிராங்க் கிரைண்டிங்கில் எல்லோரும் விட்டத்தை மட்டும் சரிபார்க்கிறார்கள். ஜர்னல் முடிந்து வெப் (கிராங்கின் பக்கக் கை) தொடங்கும் மூலையிலுள்ள வளைவைப் பாருங்கள். பழைய கல்லால் அந்த வளைவைச் சதுர மூலையாக வெட்டிவிட்டால் கிராங்க் அங்கேயே விரிசல் விட்டு முறியும். ஆயில் கூலரையும் மறக்காதீர்கள்: பேரிங் கரைந்த என்ஜினில் உலோகத்தூள் கூலருக்குள் தங்கியிருக்கும், பழையதை அப்படியே மாட்டினால் அந்தத் தூளே புது பேரிங்கை அரைக்கும். டர்போவின் ஆயில் பைப்பும் அப்படியே.

ஓட்டிப் பழக்குவதில் இங்கே ஒரு சிக்கல். ‘புது என்ஜின், மெதுவாக ஓட்டு’ என்று மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் போர் கண்ணாடியாகி ரிங் உட்காராது. ரிங் உட்கார அழுத்தம் வேண்டும், நம் ஊரில் மேடு கிடையாது. பாதி லோடு ஏற்றி மதுரைச் சாலையில் டாப் கியரில் 1,200 சுற்றிலிருந்து 2,000 வரை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து ஒருமுறை போய்வந்தால் போதும். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டேப்பட்டை மறுபடி வைத்து, ஹெட் போல்ட்டை மறு இறுக்கம் செய்ய வேண்டிய கேஸ்கட்டாக இருந்தால் அதையும் செய்யுங்கள்.

வேறு என்ஜின்

பிளாக்கை ராடு உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் இதுதான் வழி. மற்றபடி நான்கைந்து நாளில் ஓடிவிடும் என்ற ஆசையில் வாங்குவது, ஒரு கவனிக்காத என்ஜினைக் கொடுத்து இன்னொரு கவனிக்காத என்ஜினை வாங்குவதாக முடியும். பழைய என்ஜினுக்காக நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போய்ப் பார்க்கிறவர்கள் கையில் ஆயில் கேஜும் கம்ப்ரஷன் கேஜும் கொண்டுபோக வேண்டும். ஓடவிட்டுக் காட்டாத என்ஜினை வாங்கக் கூடாது. கிராங்க் புல்லியைக் கம்பியால் முன்னும் பின்னும் தள்ளினால் லேசான அசைவுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பெனியே புதுப்பித்து, பழையதை வாங்கிக்கொண்டு தருகிற என்ஜின்களும் உண்டு. டாடாவின் புரோலைஃப் அப்படிப்பட்டது. விலை கூடுதல், ஆனால் வாரன்டியோடு வரும்.

புது என்ஜினின் எண் ஆர்சியில் (பதிவுச் சான்று) ஏற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி பெற்று, மாற்றிய 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பில்லும், அந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற தாளும் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். விபத்து நடந்த அன்று எண் பொருந்தவில்லை என்றால் இன்சூரன்ஸ் கிளெய்ம் சிக்கலில் மாட்டும்.

காமன் ரெயில் வண்டிக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டும். பழைய பம்ப் வண்டியில் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் செத்தது என்று கண்டுபிடிப்போமே, அதை இங்கே ஒருபோதும் செய்யக் கூடாது. 1,000 பாருக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளை ஊசிக்குத்துப் போலச் சின்னதாகத் தெரிந்தாலும் கையையே எடுக்கும் நிலை வரலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசலை ஒரே அளவுப் பாட்டில்களில் பிடித்து ஒப்பிட்டாலே எது ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். டேங்கில் சேரும் தண்ணீர் இந்த இன்ஜெக்டர்களை வெகுவேகமாக அரிக்கும் என்பதால், கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு இரவில் டேங்க்கை நிரப்பி நிறுத்துவதும், காலையில் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து வடிப்பதும் தினசரி வேலை.